சுத்தமான கோடு

மின்சாரத்தை நிறுத்த வேண்டாம் என்று திரை என்னிடம் கேட்டுக்கொள்கிறது. ஏதோ கோயம்புத்தூர் முழுவதற்கும் மின்சாரத்தை நான்தான் கைப்பையில் வைத்து விநியோகம் செய்வது மாதிரி. நான்கு சதவீதம். மணி ஒன்று பத்து. எல்லோரும் மொட்டை மாடியில் தகரக் கூரைக்குக் கீழே டிபன் பாக்ஸைத் திறந்திருப்பார்கள். கீழே டெஸ்டிங் அறையில் நானும், மின் அலையைத் திரையில் கோடாகக் காட்டும் இந்த ஆசிலோஸ்கோப்பும், அதில் செருகிய பென் டிரைவும்தான். பென் டிரைவில் இருப்பது கம்பெனி கொடுத்த சாஃப்ட்வேர் இல்லை. இணையத்தில் முகம் தெரியாத ஒருவன் எழுதிப் போட்டது. இதை ஏற்றினால் ஐம்பது மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப் இருநூறு ஆகி இன்னும் வேகமான அலையையும் காட்டும், மூடியைத் திறக்க வேண்டாம், ஈயம் உருக்கிச் சால்டர் வைக்க வேண்டாம் என்று எழுதியிருந்தான். அதற்குக் கீழேயே, பாதியில் நின்று பெட்டி செத்துப்போனால் நான் பொறுப்பில்லை என்றும் எழுதியிருந்தான். ரொம்ப நல்லவன். பொறுப்பில்லை என்பதை மட்டும் உலகத்தில் எல்லோரும் தெளிவாக எழுதிவிடுகிறார்கள். ஆறு சதவீதம். இரண்டு மணிக்கு லிஃப்ட் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். அதற்குள் இந்தப் பெட்டி எனக்கு அந்த ஊசியைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் எங்கள் போர்டுகளுக்குச் சால்டர் வைத்த அமலோற்பவத்தின் வேலை போனது போனதுதான். பெட்டியே போய்விட்டால் என் வேலையும் போகும். போகட்டும், இந்தக் குளிர்ந்துபோன வடையும் டீயும் இல்லாமல் நான் உயிர் வாழ்ந்துவிடுவேன்.

ஊசி என்பது நான் வைத்த பெயர். நாங்கள் செய்வது லிஃப்டுக்கான கன்ட்ரோல் போர்டு. எந்த மாடியில் நிற்பது, எப்போது கதவைத் திறப்பது என்று சொல்கிற போர்டு. அதற்குள் ஓடும் ஐந்து வோல்ட் மட்டம் கோடு போட்ட மாதிரி நேராக இருக்க வேண்டும். கதவு மோட்டார் ஓடத் தொடங்கும்போது எப்போதாவது ஒரு தடவை அந்தக் கோடு சட்டென்று கீழே விழுந்து எழுகிறது என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றால், சத்தியம் செய்வேன், பார்த்ததில்லை. அந்த ஒரு குத்தில் போர்டு மயங்கி எழும். எழுந்ததும் தான் எந்த மாடியில் இருக்கிறோம் என்று அதற்குத் தெரியாது, கதவை மட்டும் திறக்கும். அப்படித்தான் பீளமேட்டில் ஒரு அடுக்குமாடியில் போன வாரம் கதவு திறந்தது. லிஃப்ட் முழங்கால் உயரம் கீழே நின்றது. கோயிலுக்குக் கிளம்பிய ஓர் அம்மாள் காலை வைத்தார், இடுப்பெலும்பு உடைந்தது. போர்டுக்குக் கரண்ட் கொடுக்கிற பவர் சப்ளையை வேறு ஆளிடம் வாங்க ஆரம்பித்த இந்த ஆறு மாதத்தில் அதே மாதிரி இருநூற்று நாற்பது போர்டு வெளியே போயிருக்கிறது. இருநூற்று நாற்பது லிஃப்ட். இந்த நிமிடம் ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருக்கும். பதினொன்று. ஏன் இவ்வளவு மெதுவாக ஊர்கிறது சனியன்.

இந்தப் பெட்டியைச் செய்தவனை நேரில் பார்த்தால் கேட்பேன். ஒரே போர்டு, ஒரே சிப், ஒரே திரை. அதில் ஐம்பது என்று ஸ்டிக்கர் ஒட்டி ஒரு விலை, நூறு என்று ஒட்டி ஒரு விலை, இருநூறு என்று ஒட்டி ஒரு விலை. உள்ளே இருநூறையும் வைத்துவிட்டு ஐம்பதோடு பூட்டி அனுப்புகிறான். ஐந்தில் சுற்றுகிற ஃபேனை விற்றுவிட்டு ரெகுலேட்டரை மூன்றோடு பசை போட்டு ஒட்டிவைத்தால் விடுவோமா? வீடு புகுந்து அடிப்போம். இங்கே கம்ப்யூட்டர் என்றதும் வாயை மூடிக்கொள்கிறோம். பார்க்கத் தெரிந்த கண்ணைக் கட்டி விற்றிருக்கிறான். ஆறு வருடமாக இதன் முன்னால் உட்கார்ந்து நான் கண்கட்டோடு வேலை பார்த்திருக்கிறேன். இந்தப் பூட்டைக் கையாலும் திறக்கலாமாம். மூடியைக் கழற்றி, எள்ளில் பாதி அளவு ரெசிஸ்டர் ஒன்றை எடுத்து, பக்கத்து இடத்தில் வைத்துச் சால்டர் செய்தால் திறந்துகொள்ளும். அதற்கு ஒரு கை வேண்டும். எங்களிடம் இருந்தது. போன வருடம் நான் படத்தைக் காட்டியபோது அமலோற்பவம், எங்கள் அமலி, லென்ஸுக்குள் குனிந்து பார்த்துவிட்டு, "இது சுலபம்க்கா, அஞ்சு நிமிசம். மூச்ச மட்டும் விடக்கூடாது" என்றாள். முதலாளி சென்னியப்பன்தான், சீல் உடைந்தால் வாரண்டி போய்விடும் என்று தடுத்தார். இப்போது வாரண்டி முடிந்துவிட்டது, சீல் உடைக்கலாம், கை இல்லை. அந்தக் கையைத்தான் திங்கட்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிட்டோமே. கை சரியில்லை என்று சொல்லி. அதனால்தான் நான் இங்கே உட்கார்ந்து முகம் தெரியாதவனின் எழுத்தை நம்பி நகம் கடித்துக்கொண்டிருக்கிறேன். இருபத்தொன்பது.

திங்கட்கிழமையை நினைத்தால் எனக்கு இப்போதும் காது சுடுகிறது. பீளமேட்டு லிஃப்டிலிருந்து கழற்றி வந்த போர்டைச் சென்னியப்பன் மேசையில் வைத்தார். எல்லோரும் சுற்றி நின்றோம். ஒரு கனெக்டரின் காலில் சால்டர் கொஞ்சம் மங்கலாக இருந்தது. ஒன்பது வருடத்தில் அவள் பற்றவைத்த லட்சக்கணக்கான புள்ளிகளில் ஒன்று. மழைக்காலத்தில் மங்கும், கழற்றும்போது இழுத்தாலும் மங்கும். அவர் என்னைப் பார்த்து, "ஏம்மிணி, டெஸ்ட்ல என்ன வந்துச்சு?" என்றார். நான், "எல்லாம் ஓகேங்க சார்" என்றேன். "சப்ளை கோடு?" "சுத்தமா இருந்துச்சுங்க சார்." "அப்பறம் என்ன. டெஸ்ட்ல ஓகே, சால்டர்ல போச்சு" என்று அவர் முடித்துவிட்டார். அவர் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொன்னேன். உண்மையைத்தான் சொன்னேன். திரையில் என்ன தெரிந்ததோ அதைச் சொன்னேன். ஆனால் என் ஓகேயில் காலை வைத்துத்தான் அவர் அவள் தலை மேல் ஏறினார். அவளாவது சண்டை போட்டிருக்க வேண்டாமா? "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு, சொந்தக் காசில் வாங்கிய டுவீசரைத் துணியில் சுற்றி, டிபன் பாக்ஸோடு பையில் போட்டுக்கொண்டு போத்தனூர் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அந்தச் சரிங்க சாரை நினைத்தால் அவளையே அறையலாம் போல இருக்கிறது. அவளை ஏன் அறைய வேண்டும், பக்கத்தில் பொம்மை மாதிரி நின்றவள் யார்? முப்பத்தெட்டு. நாற்பது. நாற்பத்தொன்று.

நாற்பத்தொன்று. பக்கத்து லேத் பட்டறையில் பெரிய மோட்டாரைப் போடுகிறார்கள், டியூப் லைட் ஒருமுறை கண்ணை மூடித் திறக்கிறது. பெட்டி யூ.பி.எஸ்ஸில்தான் இருக்கிறது. ஆனால் யூ.பி.எஸ் பேட்டரி மாற்றக் கேட்டு நான் எழுதிக் கொடுத்த தாள் மார்ச்சிலிருந்து முதலாளியின் டிராயரில் தூங்குகிறது. அதற்குள் அவருடைய அறைக்குப் புது ஏசி வந்துவிட்டது. கரண்ட் போனால் இது இரண்டு நிமிடம் கீக் கீக் என்று கத்திவிட்டுச் செத்துவிடும். நாற்பத்தொன்று. நகர மாட்டேன் என்கிறது. மேசையின் அடியில் என் கால் தானாக ஆடுகிறது. ஆடினால் ஒயர் அசையும், அசையாதே. பாலிடெக்னிக்கில் லேப் என்றால் ஆறு பேருக்கு ஒரு ஸ்கோப். குமிழைத் திருகுவது எப்போதும் பையன்கள். ரெகார்டு எழுதுவது நான், ஏனென்றால் ரேணுகாதேவிக்கு எழுத்து அழகு, ரேணுகாதேவி கிராஃப் தாளில் அலை வரைந்தால் அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். திரையில் அலை கோணல்மாணலாக ஆடிக்கொண்டிருக்கும். நான் தாளில் வழவழவென்று வரைவேன். லேப் சார் சிவப்பு மையில் வெரி நீட் என்று எழுதுவார். மூன்று வருடமும் வெரி நீட். ஒருநாள்கூட யாரும், இங்கே ஆடியதே அது எங்கே போயிற்று என்று கேட்கவில்லை. நாற்பத்தொன்று. இங்கே சேர்ந்த முதல் நாளும் அதேதான். கோடு மயிர் மயிராகச் சிலிர்த்துக்கொண்டு நின்றது, முதலாளி பின்னால் நிற்கிறார், எனக்கு வெட்கமாகப் போயிற்று, தலை வாராமல் விருந்துக்கு வந்த மாதிரி. மெனுவுக்குள் போய் எதையோ மாற்றினேன், கோடு படிந்தது. "அட, சுத்தமா இருக்குதும்மிணி. இப்படியே போட்டோ எடுத்து எல்லாப் போர்டுக்கும் ஒட்டீரு, கஸ்டமருக்குப் புடிக்கும்" என்றார். ஒவ்வொரு டெஸ்ட் தாளிலும் அப்படி ஒரு போட்டோ, கீழே ஓகே, அதற்குக் கீழே என் கையெழுத்து. நாற்பத்தொன்று. செத்துவிட்டதா? முகம் தெரியாதவனே, பாவி, எங்கேயாவது உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருப்பாய்.

போன் அடிக்கிறது. அமலி. எடுக்காமல் விடலாம் என்றுதான் தோன்றுகிறது, ஆனால் எடுத்துவிடுகிறேன், ஒரு கண் திரையில். "ரேணுக்கா, சாப்ட்டீங்களா?" "இல்ல. சொல்லு." "ஒண்ணுமில்லக்கா. ஒப்பணக்கார வீதில புடவைக் கடைல ஆள் எடுக்கறாங்களாம். எங்க வேல பாத்தன்னு லெட்டர் கேக்கறாங்க. சார் குடுப்பாராக்கா?" புடவைக் கடை. மூச்சை நிறுத்தி எள்ளில் பாதியைப் பற்றவைக்கிறவள், நாள் முழுக்க புடவையைப் பிரித்துப் போட்டு மடித்து வைக்கப் போகிறாள். "நீ எங்கயும் போகாத. ரெண்டு நாள் பொறு" என்கிறேன். கோபம் குரலில் ஏறிவிட்டது, அவள் பயந்துவிட்டாள். அப்புறம், "அக்கா, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. அந்தக் கனெக்டர நான்தான் ஒழுங்கா வெக்கலியோ? அன்னைக்கு எனக்குக் காய்ச்சல் அடிச்சுதா என்னன்னு யோசிச்சுட்டே இருக்கேன். ராத்திரி கண்ண மூடுனா அந்த அம்மா காலத் தூக்கி வெக்கறதுதான் தெரியுது. ஜெபம் பண்ணக்கூட வாய் வரல" என்றாள். "உன் கைல ஒண்ணுமில்லடி" என்றேன். "பாத்தீங்களாக்கா?" "பாக்கப் போறேன்." பார்க்கப் போகிறேனாம். வேலையைப் பிடுங்கியது போதாது என்று அவள் கையையே அவளுக்கு எதிராகத் திருப்பிவிட்டார்கள். ஒன்பது வருடம் நடுங்காத கை, நான்கு நாளில் சந்தேகப்படுகிறது. போனை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தால் நாற்பத்திரண்டு.

நாற்பத்திரண்டு, நாற்பத்தாறு, ஐம்பத்தைந்து, இத்தனை நேரம் எதற்கு நின்றாய் என்று கேட்க யாருமில்லை, எழுபது. மாடிப்படியில் காலடிச் சத்தம், யாரோ கை கழுவுகிறார்கள். எண்பத்தெட்டு. வருகிறவர்களிடம் என்ன சொல்வது என்று மனதுக்குள் கோர்த்துப் பார்க்கிறேன். சார், இந்தப் பெட்டியில் இத்தனை நாள் ஒரு பூட்டு இருந்தது, கம்பெனிக்காரன் போட்ட பூட்டு, அதனால் எங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று, என் மேல் தவறில்லை, அமலியின் மேலும் தவறில்லை. நன்றாக இருக்கிறது. எல்லோரும் தப்பித்துக்கொள்ளலாம். யாரோ ஊர் தெரியாத கம்பெனிக்காரன் தலையில் போட்டுவிட்டு எல்லோரும் டீ குடிக்கலாம். நூறு. திரை கறுத்தது. கறுத்தே இருந்தது. நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் உள்ளே ரிலே கடகடவென்று தட்டியது, வெளிச்சம் வந்தது, கடையிலிருந்து வந்த அன்று காட்டிய அதே வணக்கப் படம். எல்லா அமைப்புகளும் தொடக்க நிலைக்கு மாற்றப்பட்டன என்று ஒரு வரி. சரி, மாற்றிக்கொள். மெனுவுக்குள் போய் இயந்திரத்தைப் பற்றிய பக்கத்தைத் திறந்தேன். ஐம்பது. இன்னொரு தடவை திறந்தேன். ஐம்பது மெகாஹெர்ட்ஸ். சாவியை ஏற்க முடியவில்லை என்று அடியில் பொடி எழுத்தில். ஏறவே இல்லை. முப்பத்தைந்து நிமிடம் என் உயிரை வாங்கிவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி அதே ஐம்பதோடு உட்கார்ந்து என்னைப் பார்க்கிறது. அளக்கிற ஒயரை, புரோபை, கையில் எடுத்தேன், சுவரில் அடிப்பதற்குத்தான் எடுத்தேன். ஒரு நாளைக்கு நாற்பது தடவை செய்கிற வேலை, கை கேட்காது, அடிப்பதற்குப் பதிலாகப் போய் மேசையில் இருந்த போர்டின் ஐந்து வோல்ட் முனையில் மாட்டிவிட்டது. பழக்கம். இன்னொரு கை, டெஸ்டுக்காகப் போர்டோடு இணைத்திருக்கும் கதவு மோட்டாரின் சுவிட்சைப் போட்டது.

கோடு சிலிர்த்துக்கொண்டு வந்தது, ஆறு வருடத்துக்கு முன் முதல் நாள் வந்த மாதிரி. மோட்டாரைப் போட்டு நிறுத்தினேன், போட்டு நிறுத்தினேன். ஏழாவது தடவை அது விழுந்தது. நேர்க்கோட்டிலிருந்து செங்குத்தாகக் கீழே, மூன்று வோல்டுக்கும் கீழே, விழுந்த வேகத்தில் எழுந்தது. போர்டின் பச்சை விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது. ஊசி. கத்தியிருக்கிறேன் போல, தொண்டை எரிகிறது. பார்த்தாயா அமலி, பார்த்தாயாடி. அப்புறம்தான் உறைத்தது. ஐம்பது. இது அதே ஐம்பது. பூட்டு அப்படியே இருக்கிறது. பூட்டு இருக்கும்போதே தெரிகிறது என்றால் இத்தனை நாள் ஏன் தெரியவில்லை? தொடக்க நிலைக்கு மாற்றப்பட்டன. எது மாறியது? மெனுவுக்குள் போனேன், கை வழி காட்டிக்கொண்டே போகிறது, முதல் நாள் போன அதே வழி. அலை எடுக்கும் முறை: சாதாரணம். அதற்குக் கீழே, அன்றைக்கு நான் மாற்றிவைத்த இன்னொன்று. சராசரி, அறுபத்து நான்கு. அதைத் தொட்டேன். கோடு படிந்தது. மோட்டாரைப் பத்துத் தடவை போட்டேன், பச்சை விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது, கோடு இம்மிகூட அசையவில்லை. அறுபத்து நான்கு அலைகளைக் கூட்டி வகுத்து ஒரே அலையாகக் காட்டுகிறது. அறுபத்து மூன்று ஒழுங்காக இருந்தால் விழுந்த ஒன்று காணாமல் போய்விடும். மறுபடி சாதாரணம், ஊசி. மறுபடி சராசரி, சுத்தம். எவனும் என் கண்ணைக் கட்டவில்லை. வெரி நீட் ரேணுகாதேவி தானே கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டு இருநூற்று நாற்பது தடவை ஓகே போட்டாள். அந்த அம்மாளின் இடுப்பை யார் உடைத்தது? சப்ளையை மாற்றியவர் ஒரு பங்கு, சரி. மறைத்தது நான். இவ்வளவு நேரம் ஊரில் இருக்கிறவனையெல்லாம் திட்டினேனே, அத்தனை திட்டும் திரும்பி வந்து வரிசையாக என் வாசலில் நிற்கிறது.

கதவுக்கு வெளியே சென்னியப்பனின் குரல். "வாங்க சார், இதுதான் நம்ம டெஸ்டிங் செக்ஷனுங்க." இரண்டு மணிகூட ஆகவில்லை. என் விரல் மெனுவின் மேல் இருக்கிறது. திரையில் இப்போது சராசரி, அறுபத்து நான்கு. கோடு நூல் பிடித்த மாதிரி. இப்படியே விட்டால் போதும், நான் ஒன்றுமே செய்ய வேண்டாம். யாருக்கும் தெரியாது. பென் டிரைவைப் பிடுங்கிப் பையில் போட்டால் முடிந்தது. ஒரு மங்கலான சால்டர் புள்ளி, ஒரு புடவைக் கடை, அப்புறம் இருநூற்று முப்பத்தொன்பது கதவுகள். கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார்கள். லிஃப்ட் கம்பெனியிலிருந்து இருவர், பெரியவர் கையில் எங்கள் டெஸ்ட் தாள்களின் ஃபைல். நான் சாதாரணத்துக்கு மாற்றினேன். மோட்டாரைப் போட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்தாவதில் விழுந்தது. திரையை அப்படியே நிறுத்திப் பிடித்தேன்.

சென்னியப்பன் சிரித்துக்கொண்டே, "என்னம்மிணி இது, மயிர் மயிரா வருது. முன்ன மாதிரி சுத்தமா வெச்சுக் காட்டு" என்றார். அவர் தெரிந்து சொல்கிறாரா, தெரியாமலா என்று எனக்குப் புரியவில்லை. புரிந்தும் இனி ஆகப்போவது ஒன்றுமில்லை. "சுத்தமா இல்லீங்க சார்" என்றேன். என் குரல் மாடி வரைக்கும் கேட்டிருக்கும். "சப்ளை விழுவுது. விழுந்தா போர்டு மயங்குது, கதவத் தொறந்துடுது. அமலோற்பவம் வெச்ச சால்டர்ல ஒரு தப்பும் இல்ல. வெளிய போன எல்லாப் போர்டையும் இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க." அவர் முகம் சுருங்கியது. "மெதுவாப் பேசும்மிணி" என்றார். பெரியவர் அவரைக் கவனிக்கவில்லை. திரைக்குக் கிட்டே குனிந்து ஊசியின் அடி வரைக்கும் விரலால் அளந்தார். பிறகு ஃபைலைத் திறந்து ஒரு தாளைப் பார்த்தார், அடுத்ததைப் பார்த்தார், கட்டை விரலால் மொத்தத்தையும் ஒருமுறை விசிறிவிட்டார். எல்லாவற்றிலும் அதே நேர்க்கோடு, அதே ஓகே.

"இத்தனைலயும் ஓகேன்னு கையெழுத்துப் போட்டிருக்கறது யாருங்க?" என்று கேட்டார்.

சென்னியப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நானுங்க" என்றேன்.